செஞ்சியில் காந்தம் ஒட்டவில்லை

ஜி.எஸ்.டி. சாலை

சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினால் தாம்பரம் தாண்டியும் ஊர் முடிவதில்லை. வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று செங்கல்பட்டு வரைக்கும் மதில் சுவர்களும் ஷிஃப்ட் பஸ்களும்தான். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையிலிருந்து 2022-இல் கடைசி கார் வெளியே வந்தது. அதன் பிறகு அந்த வாசலில் பழைய நெரிசல் இல்லை. டீக்கடைகள் மட்டும் பழக்கதோஷத்தில் விடிவதற்கு முன்பே திறந்துவிடுகின்றன.

நான் பாடிக்காரன். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று ஒரு வண்டியின் பாதி உறுப்புகளுக்கு எங்கள் வட்டாரம்தான் பிறந்த வீடு. ஆலைச் சங்கைக் கேட்டு உலை வைத்த தெருக்களில் வளர்ந்தவன். கூட வந்த நண்பர் ஒரகடம் பக்கம் ஓர் அலுமினிய வார்ப்பு ஆலையில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரு வண்டியில் ஏறினால் பேச்சு சினிமாவில் ஆரம்பித்தாலும் உலோகத்தில் போய்த்தான் நிற்கும். வீட்டம்மாக்கள் எங்களோடு வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வண்டி நண்பருடையது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டு செடான். வயதான வண்டிதான், ஆனால் மேடு பள்ளம் தெரியாமல் போகும். மகேந்திரா வேர்ல்ட் சிட்டியைத் தாண்டும்போது அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டினார். பிஎம்டபிள்யூ 2007 முதல் அந்த வளாகத்தில்தான் கார்களைப் பூட்டி அனுப்புகிறது.

"1995-ல வந்த ஃபைவ் சீரிஸ் தெரியுமில்ல? எண்ணிக்கையா வித்த ஒரு காருக்கு சஸ்பென்ஷனை ஏறக்குறைய முழுசா அலுமினியத்துல பண்ணது அதுலதான். அதுக்கு முன்னாடி இதெல்லாம் பெரும்பாலும் ரேஸ் காரோட சரி."

எதற்காக இந்தப் பாடு என்று கேட்டேன். அவர் கணக்கு சொன்னார். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம். அலுமினியம் 2.7 கிராம். பார்த்தால் எடை மூன்றில் ஒன்றாகிவிட வேண்டும். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதே வேலைக்குத் தடிமனாகச் செய்தாக வேண்டும். கூட்டிக் கழித்தால், சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற ஒரு லோயர் ஆர்மிலோ நக்கிளிலோ மிச்சமாவது சுமார் 30 முதல் 40 விழுக்காடு. எலெக்ட்ரிக் கார்கள் வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் சூடாகிவிட்டது. பேட்டரியே சில நூறு கிலோ வருகிறது. 2025-இல் மட்டும் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிரெட்டா எலெக்ட்ரிக்கை இறக்கியது. ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் ஆலை திறந்தது. பேட்டரியில் ஏறிய எடையை வேறு எங்காவது இறக்கியே ஆக வேண்டும்.

"எல்லாக் கிலோவும் ஒரே கிலோ இல்லப்பா" என்று முடித்தார். அப்போது அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பாதிதான் ஏறியது.

திண்டிவனம்

திண்டிவனத்தில் திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் காற்றே மாறிவிடுகிறது. லாரி இரைச்சல் குறைந்து, ஏரிக்கரைப் பனைமரங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன. மழை பிடித்துவிட்ட நேரம். வயலெல்லாம் நாற்று. சாலையோரத்தில் ஒரு பாட்டி அலுமினியக் குண்டானில் மல்லாட்டை அவித்து, படியில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தோல் ஈரமாக, உப்பு உள்ளே இறங்கி, கையில் வாங்கியதும் சுட்டது. சென்னையில் வறுத்துப் பொட்டலம் கட்டிய கடலை தின்று பழகிய வாய்க்கு இது வேறு பண்டம். நண்பர் இரண்டாவது படி கேட்டார். பாட்டி காசை எண்ணிக்கொண்டே, "அமாவாசைக்கு வந்தீங்களா?" என்றார். இந்தப் பக்கம் வெளியூர் வண்டி வந்தால் ஒன்று மேல்மலையனூர் அங்காளம்மன், இல்லையென்றால் திருவண்ணாமலை. கோட்டை பார்க்க வருகிறோம் என்றதும், "அங்க கல்லுதான கெடக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு அளக்கப் போய்விட்டார்.

தீவனூர் தாண்டியதும் அந்தக் கற்கள் வர ஆரம்பித்தன. மலை என்று சொல்ல முடியாது. உருண்டையும் நீளமுமான பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று, கிரேன் ஆபரேட்டர் பாதி வேலையில் சாப்பிடப் போய்விட்டதுபோல அடுக்கிக் கிடக்கின்றன. இடையிடையே முள்ளும் சீத்தாமரமும். நண்பர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சிறு பாலத்தின் தலைப்பில் மழைத் தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் முன் இடது சக்கரம் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சின்ன ஏற்றத்துக்கும் கீழேயிருந்து "டொக்" என்று ஒரு குரல் வந்தது. செஞ்சி வரும்வரை யாரும் பேசவில்லை.

திருவண்ணாமலை ரோடு

செஞ்சி ஊருக்குள்ளிருந்து கோட்டைப் பக்கம் போகிற சாலையில் வரிசையாகப் பட்டறைகள். டிராக்டர் டிரெய்லர், நெல் அறுக்கும் மெஷின், டாடா ஏஸ், ஆட்டோ எல்லாம் ஒரே மண் தரையில் நிற்கின்றன. நாங்கள் நுழைந்த பட்டறைக்குப் பக்கத்தில் ஒருவர் லாரி ஸ்பிரிங் பட்டைகளை உலையில் போட்டுக்கொண்டிருந்தார். பாரம் தாங்கித் தாங்கிச் சப்பையாகிப்போன பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டித் தட்டி மறுபடி வளைவு ஏற்றுகிறார். அளவுகோல், தெர்மாமீட்டர் ஒன்றும் கிடையாது. நெருப்பின் நிறத்தைப் பார்க்கிறார், எடுக்கிறார். வளைவு சரியா என்று பழைய பட்டை ஒன்றை மேலே வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். பாடியில் இதே வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கும் உலைகளில் பார்த்திருக்கிறேன். இங்கே அது ஒரு மனிதரின் கண்ணில் இருக்கிறது.

எங்கள் மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். விழுப்புரத்தில் லாரி ஷெட்டில் வேலை பழகியவர். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிக் குனிந்தவர், சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். பிரேக் டிஸ்கில் வைத்தார், ஒட்டியது. சப்ஃபிரேமில் வைத்தார், பட்டென்று ஒட்டியது. லோயர் ஆர்மில் வைத்துக் கையை எடுத்தார். காந்தம் மண்ணில் விழுந்தது.

"ஒட்டல சார். இது அலுமினியம்."

"ஆமாண்ணே, ஃபோர்ஜிங்" என்றார் நண்பர்.

"அது என்னாவோ. எனக்கு ஒட்டுதா ஒட்டலையா, அவ்ளோதான்."

ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. அது பரவாயில்லை. ஆனால் ஆர்மின் விளிம்பில், பள்ளத்தின் கான்கிரீட் மூலையில் இடித்த இடத்தில், சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெட்டுத் தழும்பு. லேசாக வளைந்தும் இருந்தது. நான் வாய் விட்டேன்: தட்டி நிமிர்த்திவிட முடியாதா? பக்கத்து உலை இருக்கிறதே.

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இரும்பா இருந்தா காஸ் புடிச்சு, செவப்பு ஏறுனதும் ரெண்டு தட்டுல நிமித்திருவேன் சார். அம்பாஸடர் காலத்துலேர்ந்து அதைத்தான் பண்றோம். இதுல செவப்பே ஏறாது. அப்பிடியே வெள்ளையா இருக்கும், இருக்கும்னு பாத்துக்கினே இருப்போம், திடீர்னு தொபுக்குனு கீழ ஊத்திரும்."

நண்பர் என்னைப் பார்த்தார். அவர் ஆலையில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு ஒரு வாரம் எடுக்கிற வகுப்பை இவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார் என்று பிறகு சொன்னார்.

விஷயம் இதுதான். இரும்பு சூடேறும்போது தன் நிலையை நிறமாகச் சொல்லிக்கொண்டே வரும்: மங்கல் சிவப்பு, செந்நிறம், ஆரஞ்சு, மஞ்சள். கொல்லர்கள் நூற்றாண்டுகளாகப் படித்தது அந்த நிறத்தைத்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுகிறது. கலவையாக இருந்தால் அதற்கும் முன்பே இளக ஆரம்பிக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிவப்புத் தெரிவதற்குள் காரியம் கெட்டுவிடும். உருகுவதற்கு வெகு முன்பே வேறொன்றும் நடந்துவிடுகிறது. இந்த ஆர்ம் வலுவாக இருப்பது அலுமினியம் என்பதால் அல்ல. அதில் கொஞ்சம் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்த்து, 530, 540 டிகிரிவரை காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 160, 180 டிகிரியில் சில மணி நேரம் பொறுமையாக வைத்திருப்பதால். அந்தப் பொறுமையில்தான் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உள்ளே உருவாகி உலோகத்தை விறைக்க வைக்கின்றன. இந்தப் பக்குவத்தை டி6 என்பார்கள். இந்த மாதிரி வைத்திருந்தால் கடினம் கூடுகிறது என்பதை 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் ஏறக்குறையத் தற்செயலாகக் கண்டார்: காய்ச்சிக் குளிரவைத்த துண்டைச் சில நாள் கழித்து அளந்தபோது அது முன்பைவிடக் கடினமாகியிருந்தது. அப்படிப் பக்குவப்பட்ட ஆர்மின் மேல் காஸ் நெருப்பைக் காட்டினால் அந்தத் துகள்களெல்லாம் பருத்து, வலு போய்விடும். நிறம் மாறாது. வடிவம் மாறாது. பார்க்க நல்ல ஆர்ம். உள்ளே வெறும் பாத்திர அலுமினியம்.

மெக்கானிக் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தார். வேறொரு காரின் ஆர்ம், இரண்டாக உடைந்தது. எங்கோ வெளியூரில் யாரோ சூடு காட்டி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு வேகத்தடையில் விட்டுவிட்டது. மெதுவாக வந்ததால் ஆள் பிழைத்தார். நண்பர் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். உடைந்த முகத்தில் ஒரு பாதி மங்கி வழவழப்பாக இருந்தது, மெல்லிய வளைகோடுகளோடு. மறுபாதி சொரசொரப்பாகப் பளிச்சென்று மின்னியது.

"இந்த மங்கின பாதி, விரிசல் கொஞ்சம் கொஞ்சமா ஊர்ந்த இடம். இந்தப் பளபளப்பு, கடைசி நொடி."

எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓர் அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் முறை அசைத்தாலும் அது களைத்துப் போகாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு கீழ் வரம்பு கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் பொறியாளர்கள் தாராளமாகப் பருமன் வைத்து, வண்டியின் ஆயுளுக்கும் மேலாக அந்தக் கணக்கு நீளும்படி செய்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு வெட்டுத் தழும்பு குறுக்கே விழுந்தால் எல்லாம் மாறிவிடும். விரிசல் தொடங்க அதுவே போதும்.

ஆகவே புது ஆர்ம்தான். பால் ஜாயிண்ட் அதிலேயே பொருத்தி வருவதால் முழுசாகவே வாங்க வேண்டும். இரும்பு ஆர்மைவிடச் சில மடங்கு விலை. சென்னையில் சொல்லி, பஸ் பார்சலில் மறுநாள் வரும் என்றார்கள். புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பார்க்கலாமே என்றேன். இந்த முறை மெக்கானிக்கும் நண்பரும் சேர்ந்தே தலையாட்டி மறுத்தார்கள். பழைய எஃகு ஆர்மை நிமிர்த்தி மாட்டலாம். பழைய அலுமினியம் இதுவரை எத்தனை பள்ளம் பார்த்தது என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்?

"கோட்டையைப் பாத்துட்டு வாங்க சார். அது எங்கியும் போவாது, உங்க வண்டியும் போவாது."

ராஜகிரி

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகள். அவற்றை இணைத்து சுமார் 13 கிலோமீட்டர் மதில். கோன்கள் தொடங்கியதை நாயக்கர்கள் பெருக்கினார்கள். பிறகு பீஜப்பூர், 1677-இல் சிவாஜி, 1698-இல் ஔரங்கசீப்பின் படை, 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள் என்று கைமாறியது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது சுல்பிகர் கான் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடிக்க ஏழெட்டு வருடம் ஆயிற்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் மராட்டிய இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து போனது இது ஒன்றுதான்.

கீழே கல்யாண மகாலும் களஞ்சியமும் ஆனைக்குளமும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. களஞ்சியத்துக்குள் நுழைந்தால் சுவரின் கனமே குளிர்ச்சியாக இருக்கிறது. இங்கே எதுவும் லேசாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. கல்லின் மேல் கல், அதன் மேல் சுண்ணாம்பு. எடைதான் பாதுகாப்பு. மலை உச்சியில் பெரிய பீரங்கி ஒன்று கிடக்கிறது. அதை அங்கே ஏற்றியவர்களின் தோளை நினைத்துப் பார்க்கிறவன் முதல் நூறு படியிலேயே மூச்சு வாங்கமாட்டான். நான் வாங்கினேன்.

குரங்குகள் பைகளைச் சோதித்து அனுப்பின. பாதி மலையில், பழுதுபார்க்கும் வேலைக்காகச் சுண்ணாம்பு மணல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா, அறுபதுக்குக் குறையாது, தலையில் சும்மாடு, அதன்மேல் நிரம்பிய இரும்புச் சட்டி, கையை எடுத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கல் கொதித்துக்கொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, "செருப்புப் போட்டுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"தலையில எவ்ளோ வெச்சாலும் தூக்கிருவேன் தம்பி. கால்ல கனம் இருந்தா ஏற முடியாது" என்றார். அடுத்த நொடி சட்டி தலைக்குப் போய்விட்டது.

நண்பர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நான் சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து சொல்லிட்டு வர்றது இதைத்தான்ப்பா."

இப்போது முழுசாக ஏறியது. தலைச்சுமை ஒருமுறை தூக்கியதுதான், அப்படியே இருக்கும். காலில் உள்ள கனத்தை ஒவ்வொரு படிக்கும் தூக்கி இறக்க வேண்டும். காரிலும் அப்படியே. உட்கார்ந்திருக்கும் ஆட்கள், பாடி, என்ஜின் எல்லாம் ஸ்பிரிங்குக்கு மேலே. சக்கரம், பிரேக், நக்கிள், ஆர்மில் பாதி இதெல்லாம் கீழே. பள்ளம் மேடு வந்தால் முதலில் எகிறுவதும் விழுவதும் இந்தக் கீழ் எடைதான். அது கனமாக இருந்தால், மேட்டில் மோதி மேலே எகிறிய சக்கரம் அந்த வேகத்திலேயே ஸ்பிரிங்கை இடித்துக் குலுக்கும். மறுபடி கீழே வந்து தரையைப் பிடிக்க நேரமெடுக்கும். அந்தக் கண நேரத்தில் சக்கரத்துக்குச் சாலையில் பிடி இல்லை. பிரேக் பிடித்தாலும் பயனில்லை. லேசாக இருந்தால் பள்ளத்தோடு பள்ளமாக இறங்கி மேட்டோடு ஏறிவிடும். மேலே நூறு கிலோ குறைப்பதைவிட, கீழே சில கிலோ குறைப்பது உட்கார்ந்திருப்பவருக்கு அதிகம் தெரியும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். அவர் அலுமினிய ஆலையில் சம்பளம் வாங்குபவர் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் நியாயமாக அலுமினிய ஆர்ம் முதலில் வர வேண்டியது ஆட்டோபானில் ஓடும் கார்களுக்கா, திண்டிவனம், செஞ்சி சாலையில் ஓடும் கார்களுக்கா? இங்கேதான் குலுக்கல் அதிகம். ஆனால் இங்கே ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் தகட்டை அழுத்திச் செய்த எஃகு ஆர்ம்தான். மலிவு; இடித்தால் வளையும், உடையாது; வளைந்தால் பக்கத்து உலை இருக்கிறது. இதைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

உச்சிக்குப் போகும் முன் பிளவு ஒன்று வருகிறது. மலையே இரண்டாகப் பிளந்தாற்போல், சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் சில பேரே போதும், ஒரு படையை நிறுத்திவிடலாம். செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு அந்தப் பாதுகாப்பில் உட்கார்ந்திருக்கவில்லை. 1714-இல், 22 வயதில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிராகக் கீழே இறங்கிப் போய்ச் செத்தான். அவனோடு அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் எழுப்பிய ஊர் ராணிப்பேட்டை என்பார்கள். அந்த ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில்தான் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே வரும் என்று அப்போது அறிவித்தார்கள். 2012-இல் ரேஞ்ச் ரோவரின் பாடியை முழுசாக அலுமினியத்துக்கு மாற்றி 400 கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டிய கம்பெனி அது. இனி இந்த உலோகம் நம் சாலைகளுக்கு விருந்தாளியாக இருக்கப்போவதில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே ஏரியும் நெல்லும் கரும்பும், நடுவே சங்கராபரணி ஆற்றின் கோடும். மேற்கே மேகம் மூடியிருந்ததால் அண்ணாமலை தெரியவில்லை.

சிங்கவரம்

மறுநாள் காலை பார்சல் வரும்வரை சிங்கவரம் போனோம். ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஷேர் ஆட்டோவில் பள்ளிப் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு. பல்லவர் குடைந்த குகையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பாறையிலிருந்து அப்படியே பிறந்த திருமேனி. தேசிங்கு போருக்குப் புறப்படும்முன் உத்தரவு கேட்டானாம். போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அர்ச்சகர் அந்த முகத்தின் சாய்வைத் தீபத்தால் காட்டினார். அவர் தினமும் எத்தனை பேருக்குச் சொல்கிறாரோ, குரலில் ஒரு சலிப்பும் இல்லை.

பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் எங்களுக்கு வழிகாட்டிவிட்டு, கல்வெட்டைத் தடவி, "இதுதான் சார்" என்றான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இறங்கும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் சீத்தாப்பழம் விற்றார்கள். விதை அதிகம், இனிப்பும் அதிகம்.

மறுபடி பட்டறை

பார்சல் பிரித்தபோது நான்தான் முதலில் கையில் வாங்கினேன். பழைய ஆர்மைவிடத் தடியாகத் தெரிந்தது, தூக்கினால் லேசு. மெக்கானிக் அதன் மேல் ஒருமுறை காந்தத்தை வைத்துப் பார்த்தார், பழக்கத்தில். நண்பர் கீழே உட்கார்ந்து அவருக்குச் சில விஷயம் சொன்னார்: சாதாரண கருப்பு போல்ட் போடாதீங்கண்ணே, கூட வந்திருக்கிற பூச்சு போட்ட போல்ட்டையே போடுங்க, ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். வண்டி தரையில் நின்ற பிறகுதான் புஷ் போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். முடுக்கும்போது டார்க் ரெஞ்ச்.

"டார்க் ரெஞ்ச் இருக்கு சார், லாரி ஹெட்டுக்கு வாங்குனது" என்று துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். பிறகு நண்பரிடம் அவர் கேட்டதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் மிச்சம்: "இதெல்லாம் எங்க சார் சொல்லித்தராங்க? எங்க பையன் ஐடிஐ போறான். அவனுக்கும் இதை யாரும் சொல்லல."

நண்பரிடம் பதில் இல்லை. என்னிடம் ஒரு பழைய தகவல் இருந்தது. 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், அப்போது இந்த நாட்டுக்குப் புதுசாக இருந்த அலுமினியத்தை வரவழைத்து, பித்தளைக்கும் செம்புக்கும் பழகிய கைகளுக்குப் பாத்திரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். திண்டிவனத்துப் பாட்டியின் குண்டானுக்கு மூலம் அங்கே. பிறகு நாமே உருக்கவும் செய்தோம். மேட்டூரில் மால்கோ 1965 முதல் ஏற்காட்டு, கொல்லிமலைப் பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்தது. 2008-இல் அந்த உருக்காலை நின்றுபோயிற்று. இன்று ஒரகடத்தில் உலகத்தரத்தில் வார்க்கிறோம். வார்ப்பதற்குப் பயிற்சி இருக்கிறது, விற்பதற்குப் பயிற்சி இருக்கிறது. உடைந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர மட்டும் யாரும் செஞ்சிவரை வருவதில்லை.

லேசான ஆர்ம் நல்ல சரக்கு; சந்தேகமே வேண்டாம். ஆனால் அதை இந்தச் சாலைகளுக்கு அனுப்புகிற கம்பெனிகள் கூடவே ஒரு நாள் வகுப்பையும் அனுப்ப வேண்டும்: சூடு காட்டக் கூடாது, வெல்டு வைக்கக் கூடாது, தழும்பு விழுந்தால் மாற்ற வேண்டும், பழசு வாங்கக் கூடாது. தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் மெக்கானிக் பாடத்தில் இதற்கு இரண்டு பீரியட் போதும். ஒவ்வொரு தாலுகாவிலும் பத்து மெக்கானிக்குகளை உட்கார வைத்து, உடைந்த ஆர்ம் ஒன்றைக் கையில் கொடுத்தால் மீதியை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

அதுவரைக்கும் உங்கள் பாடு உங்களோடு. முன் சக்கரம் பெரிய பள்ளத்தில் விழுந்தால் வண்டியைத் தூக்கி ஆர்மில் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால், எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அதன் பக்கத்தில் காஸ் கொளுத்த விடாதீர்கள். புதுசு வாங்கி மாட்டுங்கள்.